அரிப்பு நின்ற பிறகும் மாத்திரை: படர்தாமரை மருந்தை முழுசாக எடுப்பது எப்படி

அட்டையைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. ஏழு ஏழாக இரண்டு அட்டை, பதினான்கு குழியும் காலி. ஆனால் பின்பக்க ஈயத்தாள் ஒன்பது இடத்தில் ஒரே பக்கமாகக் கிழிந்து, பளபளப்புக் குறையாமல் இருந்தது. தினம் ஒரு மாத்திரை எடுத்த அட்டை அப்படி இருக்காது. முதலில் திறந்த குழிகளின் தாள் கசங்கி, ஓரம் கறுத்திருக்கும். கடைசியாகத் திறந்தது மட்டும்தான் புதிதாகத் தெரியும்.

"அண்ணா, இன்னைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி மிச்சம் எல்லாத்தையும் பிரிச்சீங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவர் லாரி ஓட்டுநர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஒன்பது கேப்ஸ்யூல்.

"அஞ்சாம் நாளே அரிப்பு நின்னுடுச்சு மேடம். அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன். இப்ப திரும்பி வந்துடுச்சு. சொன்னா திட்டுவீங்கன்னு பயம்."

நான் மருந்தியல் ஆய்வாளர். பூஞ்சைக்கு எதிரான மருந்துகளைப் பற்றியும், அவற்றை மக்கள் எப்படி எடுக்கிறார்கள், எங்கே விடுகிறார்கள் என்பதைப் பற்றியும்தான் என் ஆராய்ச்சி. நோயாளிகள் திருப்பிக் கொண்டுவரும் அட்டைகளை எண்ணுவது அதில் பெரிய பகுதி. அந்த ஒன்பது கேப்ஸ்யூல் வெளியே வராமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? "பதினான்கு நாள் எடுத்தும் கேட்கவில்லை" என்று டாக்டர் சீட்டில் எழுதியிருப்பார். மருந்தை மாற்றியிருப்பார், இல்லையென்றால் அளவைக் கூட்டியிருப்பார். வேலை செய்துகொண்டிருந்த மருந்துக்குத் தோற்ற மருந்து என்று பெயர் வந்திருக்கும். கீழே நான் சொல்லப் போவதெல்லாம் அந்தப் பொட்டலத்தை மனதில் வைத்துத்தான்.

மாத்திரையை எண்ணுவது நம் ஊரில் புதிதல்ல. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் மையம் 1956-ல் சென்னையில் தொடங்கியது. காசநோயாளியைச் சானடோரியம் என்ற தங்கும் மருத்துவமனையில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்பதுதான் அப்போது கேள்வி. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் இருந்த அந்தக் குழு சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய் மாத்திரையை எண்ணியது, சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்தது. வீட்டுச் சிகிச்சையே போதும் என்று 1959-ல் அவர்கள் காட்டியது உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. மாத்திரையை விடுவது படித்தவர், படிக்காதவர் என்று பார்த்து வருவதில்லை என்பதும் அந்தக் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். அதனால் தயவுசெய்து இதில் வெட்கப்படாதீர்கள்.

அரிப்பு ஏன் முதலில் நிற்கிறது

படர்தாமரைப் பூஞ்சை இருப்பது தோலின் மேலே உள்ள இறந்த அடுக்கில். அது தின்பது அங்குள்ள கெரட்டின் என்ற புரதத்தை. அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு காட்டும் கோபம். மருந்து உள்ளே போய்ப் பூஞ்சை கொஞ்சம் குறைந்ததும் அந்தக் கோபம் அடங்கிவிடும். ஒரு வாரத்திலேயே நிம்மதியாகத் தூங்கலாம். பூஞ்சை போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

ஆய்வகத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம். அரிப்பே இல்லை என்று சொல்பவரின் வட்டத்தின் ஓரத்தை மொட்டைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் மாவு மாதிரி கொஞ்சம் செதில் உதிரும். கண்ணாடித் தகட்டில் அதன்மேல் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் வைத்தால் தோல் செல்கள் கரைந்து வெளுக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்த வெளுப்புக்குக் குறுக்கே, செல்களின் எல்லையைச் சட்டை செய்யாமல், கிளைவிட்டு ஓடும் மெல்லிய இழைகள் தெரியும். நோயாளியிடமே "நீங்களே பாருங்க" என்று ஒருமுறை காட்டிவிட்டால், அடுத்த பத்து நிமிஷத்துக்கு நான் சொல்ல வேண்டியதெல்லாம் மிச்சம்.

அந்த மேல்தோல் முழுதாக உதிர்ந்து புதிதாக வர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். மாத்திரை மருந்து அடியிலிருந்து வளர்ந்து வரும் புதுத் தோலில் ஏறி மேலே வருகிறது, பூஞ்சை பிடித்த பழைய தோல் உதிர்கிறது. இடையில் நிறுத்தினால், மிச்சமிருக்கும் இழைகள் மருந்தில்லாத புதுத் தோலில் மறுபடி வேர்விடும். நகம் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். கைவிரல் நகம் முழுசாக வளர ஆறு மாதம், கால் கட்டைவிரல் நகத்துக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும்.

"முன்னெல்லாம் ரெண்டு வாரத்துல சரியாகுமே?" என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் இப்போது இந்தியாவில் பரவியிருப்பது பழைய பூஞ்சை அல்ல. ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த இந்திய, நேபாள நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளை வைத்து 2020-ல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. டெர்பினாஃபின் என்ற மருந்து பூஞ்சையின் ஒரு நொதியைப் பிடித்து நிறுத்தும். இந்த வகையில் பல, மரபணு மாற்றத்தால் அந்த நொதியின் உருவத்தையே கொஞ்சம் மாற்றிக்கொண்டிருப்பதால் மருந்தின் பிடி நழுவுகிறது. அதனால்தான் டாக்டர்கள் இன்று பல வாரங்களுக்கு எழுதுகிறார்கள். எத்தனை வாரம் என்பதை அவர்தான் தோலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எண்ணிக்கையை முதல் நாளே கேட்டு, சீட்டின் மேலே பெரிதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த மாத்திரை, எந்தச் சாப்பாட்டோடு

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள். மாத்திரையை ஒன்றுகூட விடாமல் எடுத்தும் பலன் இல்லாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. எட்டு வாரம், ஒரு நாள்கூடத் தவறவில்லை. அட்டையின் ஒவ்வொரு குழியும் தேதி வாரியாகச் சரியாக இருந்தது. இடுப்பைச் சுற்றிய வட்டம் மட்டும் அப்படியே இருந்தது. "எப்ப போடுவீங்க, எதோட போடுவீங்க, காலையில எழுந்ததுலருந்து சொல்லுங்கக்கா" என்றேன். விடிகாலை எழுந்து முதலில் கேஸ் மாத்திரை. அப்புறம் ஒரு கடுங்காப்பி, அதோடு இந்தக் கேப்ஸ்யூல். பஸ் பிடித்து கம்பெனிக்குப் போனால் முதல் சாப்பாடே பத்து மணிக்குத்தான். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. சீட்டில் "காலை 1" என்றுதான் இருந்தது.

அவர் எடுத்தது இட்ராகோனசோல். அந்தக் கேப்ஸ்யூலைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால் தூள் இருக்காது. ஜவ்வரிசியைவிடச் சின்னதாக நூற்றுக்கணக்கான வெள்ளை மணிகள் உருண்டோடும். நடுவில் சர்க்கரை உருண்டை, அதன்மேல் மருந்துப் பூச்சு. அந்தப் பூச்சு கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், சாப்பாடும் வேண்டும். வெறும் வயிற்றில், அதுவும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைக்குப் பின்னால் போட்டால், மருந்தில் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே போய்விடும். எட்டு வாரமும் அவர் கட்டிய பணம் அப்படித்தான் போனது.

அதனால் இட்ராகோனசோல் கேப்ஸ்யூலை முழுச் சாப்பாடு முடிந்த கையோடு போடுங்கள். டீயும் பன்னும் இதற்குச் சாப்பாடு ஆகாது. நான்கு இட்லி, அல்லது மதியச் சோறு, குழம்பு, பொரியல் என்றால் சரி. காலையில் சாப்பிட நேரமில்லாதவர், மதியத்துக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். ஓமிப்ரசோல், பேண்டோப்ரசோல், ரானிடிடின் எதையாவது எடுக்கிறீர்களா என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் எந்தச் சீட்டிலும் ஒரு கேஸ் மாத்திரை சேர்ந்தே வருவதால் அதை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. வயிற்றெரிச்சலுக்கு டானிக் குடித்தால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பேண்டோப்ரசோல் போன்றவை நாள் முழுக்க அமிலத்தை அடக்குவதால் அவற்றுக்கு இடைவெளி விட்டும் பயனில்லை. நிறுத்த முடியுமா, இல்லை வேறு பூஞ்சை மருந்துக்கு மாறலாமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மருந்துக் கம்பெனியையும் நடுவில் மாற்றாதீர்கள். இந்திய தோல் மருத்துவர்களே பல கம்பெனிக் கேப்ஸ்யூல்களைத் திறந்து மணிகளை எண்ணி, எண்ணிக்கையும் அளவும் ஒன்றுக்கொன்று வேறுபடுவதைக் கண்டிருக்கிறார்கள். உடம்பில் கூடுதலாகச் சேரும்படி செய்த 50, 65 மில்லிகிராம் வகைகளும் இப்போது வருகின்றன. அவை வேறு தயாரிப்பு. 100 மில்லிகிராம் இல்லை என்று கடையில் 50 எடுத்துக் கொடுத்தால், டாக்டரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

மற்ற மாத்திரைகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. கிரிசியோஃபுல்வின் கொழுப்போடு நன்றாகச் சேரும். முட்டை, ஒரு டம்ளர் பால், சோற்றில் ஒரு கரண்டி நெய் போதும். டெர்பினாஃபினைச் சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். அதை எடுக்கும்போது நாக்கில் ருசி மாறினால் சொல்ல வேண்டும். ஃப்ளூகோனசோலுக்கும் சாப்பாடு ஒரு பொருட்டல்ல. ஆனால் அதை வாரம் ஒருமுறை என்று எழுதும்போதுதான் அதிகம் மறக்கிறார்கள். தினம் செய்வது பழகிவிடும், வாரத்துக்கு ஒன்று பழகாது.

இதில் விளையாடக் கூடாத சில விஷயங்கள் உண்டு. இதயம் பலவீனமாக இருக்கிறது, கால் வீங்குகிறது என்று எப்போதாவது சொல்லியிருந்தால் இட்ராகோனசோல் ஆபத்து. கொழுப்பு குறைக்கும் சிம்வாஸ்டாடினோடு அதைச் சேர்க்கவே கூடாது. கர்ப்பம், கல்லீரல் நோய், குடிப்பழக்கம், எடுத்துக்கொண்டிருக்கும் மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லுங்கள். மாத்திரை எடுக்கும் நாட்களில் கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போனால், மூச்சு வாங்கினால், நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

மறக்காமல் இருக்க

செல்போன் அலாரத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. அது அடிக்கும்போது நீங்கள் பஸ்ஸில் இருப்பீர்கள், மாத்திரை வீட்டில் இருக்கும். மாத்திரையைச் சாப்பாட்டோடு கட்டிப்போடுவதுதான் நான் பார்த்தவரை நிலைக்கிறது. அந்தத் திருப்பூர் அக்கா ஒரு சின்ன டப்பாவில் அன்றைய கேப்ஸ்யூலைப் போட்டு டிபன் பாக்ஸ் பைக்குள்ளேயே வைத்தார். சாப்பாட்டை எடுக்கும்போதே அதுவும் கையில் தட்டுப்படும். டாக்டர் கேஸ் மாத்திரையையும் நிறுத்தினார். அதே மருந்துதான், அளவும் அதேதான். இந்த முறை ஓரங்கள் தட்டையாகி, கறுத்த தழும்பாக மாறின.

வாரம் ஒருமுறை மாத்திரைக்குத் தினசரி காலண்டர் நல்ல துணை. சுவரில் தொங்கும், நாளுக்கு ஒரு தாள் கிழிக்கும் காலண்டரைத்தான் சொல்கிறேன். முதல் நாளே உட்கார்ந்து, வரப்போகும் வெள்ளிக்கிழமைத் தாள்களில் எல்லாம் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். வியாழக்கிழமைத் தாளைக் கிழித்ததும் வட்டம் வந்து நிற்கும். வீட்டில் யார் கிழித்தாலும் உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

தினம் எடுப்பவர்கள், அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு குழிக்கும் மேலே தேதி எழுதிவிடுங்கள். ஈயத்தாளில் பால்பாயிண்ட் பேனா கிழிக்கும், மார்க்கர் நன்றாகப் பிடிக்கும். "இன்னைக்குப் போட்டேனா இல்லையா" என்ற சந்தேகத்துக்கு அட்டையே பதில் சொல்லும். ஒரு வேளை தவறினால், அன்றைக்கே நினைவு வந்தால் அடுத்த சாப்பாட்டோடு போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். அந்தக் குழியை அப்படியே விட்டுவிட்டு, அன்றைய மாத்திரையை எடுங்கள்.

பணம் பெரிய காரணம், அதைப் பேசாமல் இருக்க முடியாது. மெடிக்கலில் "ஒரு நாலு குடுங்க, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று அட்டையை வெட்டி வாங்குவார்கள். அந்த நாலு முடிவதற்குள் அரிப்பு நின்றுவிடும். அதற்குமேல் காசு செலவழிக்க யாருக்கு மனசு வரும்? முழு எண்ணிக்கைக்கு எவ்வளவு ஆகும் என்று மருந்து எழுதும்போதே கேளுங்கள். கட்டாது என்றால் அங்கேயே சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாம், குறைந்த விலை மருந்தாக மாற்றலாம், மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விசாரிக்கலாம். பாதியில் நிற்பதைவிட, முடிக்கக்கூடிய மருந்தாகத் தொடங்குவது நல்லது.

களிம்பு, துணி, வீட்டு ஆட்கள்

களிம்புக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். நாளுக்கு இரண்டு வேளை, வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை, மறைந்த பிறகு இன்னும் இரண்டு வாரம். நடுவில் மட்டும் தடவாதீர்கள், பூஞ்சை துடிப்பாக இருப்பது ஓரத்தில்தான்.

கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ட்யூபைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. பெட்டியின் பொடி எழுத்தில் க்ளோபெட்டசோல், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. தடவிய அன்றைக்கே அரிப்பு அடங்கும், ஏனென்றால் உடம்பின் கோபத்தை அது அணைத்துவிடுகிறது. பூஞ்சை தடையில்லாமல் பரவும், வட்டம் உருவம் மாறிப் பார்த்தால் அடையாளமே தெரியாமல் போகும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாக வெடிக்கும், அந்த வரிகள் அப்புறம் போகாது. 2018 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்த 328 கூட்டு மருந்துகளில் இப்படிப்பட்ட களிம்புகளும் இருந்தன. அப்படியும் மிச்சமிருப்பவை கேட்டால் கிடைத்துவிடுகின்றன. ஏற்கெனவே தடவிக்கொண்டிருந்தால் அந்த ட்யூபையே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

அரைஞாண் கயிற்றைச் சிகிச்சை முடியும்வரை கழற்றி வையுங்கள். வியர்வையில் ஊறிய அந்தக் கயிற்றைச் சுற்றித்தான் பலருக்கு இடுப்பு வட்டமே தொடங்குகிறது. மனசு ஒப்பவில்லை என்றால் புதுக் கயிறாவது மாற்றுங்கள். துண்டு ஆளுக்கு ஒன்று. உள்ளாடையைச் சுடுதண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் போடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் இருவரும் ஒரே தேதியில் மாத்திரையைத் தொடங்குங்கள். மனைவிக்குச் சொல்ல வெட்கப்பட்டு, கணவர் மட்டும் இரண்டு முறை முழுச் சிகிச்சை எடுத்த வீடு எனக்குத் தெரியும்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

"ஒழுங்கா எடுத்தீங்களா?" என்று கேட்டால் யார் வாயிலும் "எடுத்தேன்" என்றுதான் வரும். அதனால் அவர் கேட்பதற்கு முன்பே எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். "இருபத்தெட்டுல இருபத்தொண்ணு எடுத்தேன் டாக்டர். ஏழு விட்டுப்போச்சு. நைட் ஷிஃப்ட் வாரத்துல முடியல." இவ்வளவு போதும். காலி அட்டை, மிச்ச அட்டை இரண்டையும் கொண்டுபோங்கள், பிரிக்காமல். எண் சரியாக இருந்தால்தான், மருந்து கேட்காத பூஞ்சையா, மருந்து போய்ச் சேராத தோலா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியும். ஆய்வாளர்களுக்கும் ஒன்று சொல்வேன்: "எத்தனை மாத்திரை விட்டுப்போச்சு?" என்று கேட்டால் உண்மை வரும், "எதையாவது விட்டீங்களா?" என்று கேட்டால் வராது. நான் இதைக் கற்றுக்கொள்ள நாளாகிவிட்டது.

அந்த லாரி ஓட்டுநருக்கு முதல் நாளிலிருந்தே மறுபடி தொடங்கினோம். சாப்பாட்டுக் கடையில் மதியம் கை கழுவி எழுந்ததும் மாத்திரை என்று பேசி வைத்துக்கொண்டோம். நான்கு வாரம் கழித்து வந்தவர், நான் கேட்கும் முன்பே அட்டைகளை மேசையில் வரிசையாக வைத்தார். முதல் அட்டையின் தாள் கசங்கி ஓரம் கறுத்திருந்தது. குழிக்குக் குழி தேதி. இரண்டு குழியில் மட்டும் கேப்ஸ்யூல் அப்படியே இருந்தது. பக்கத்தில் மார்க்கரில் "நாக்பூர் லோடு, பை வண்டியிலயே போயிடுச்சு" என்று நெருக்கி எழுதியிருந்தார்.